வலது கன்னத்தில் ஒரு தழும்பு தேவை

இன்று ஒரு தழும்பைச் சந்தித்தேன். தழும்பு உள்ள ஒரு பெண்ணை என்று சொல்வதுதான் முறை. ஆனால் அவருடைய கண்ணாடிக் கடைக்கு வருகிற பாதிப் பேர் தழும்பைத்தான் சந்திக்கிறார்கள், பெண்ணை இல்லை. அந்த எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று, வந்ததும் வராததுமாக உட்கார்ந்துவிட்டேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் குளியலறைக் கண்ணாடி உடைந்துவிட்டது. புதிது வெட்டி வாங்கலாம் என்று அங்காடி வளாகத்துக்குப் போனேன். பின்வரிசையில், பூட்டு பழுதுபார்க்கும் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் இருக்கிறது அந்தக் கண்ணாடிக் கடை. பழைய கம்பளி விரித்த ஒரு பெரிய மேசை. சுவரோரம் செய்தித்தாள் செருகி நிறுத்திய கண்ணாடித் தகடுகள். மூன்று பக்கச் சுவரிலும் விற்பனைக்கு மாட்டிய முகக் கண்ணாடிகள். மேசையின் முன் நின்று கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்த அக்காவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். இடது காது மடலுக்குக் கீழே தொடங்கி வாயோரம் வரை மெல்லிய வெள்ளைக் கோடாக ஒரு தழும்பு. சுவரில் பதினான்கு கண்ணாடிகள் இருந்ததால் பதினான்கு தழும்புகள்.

எனக்கு முன்னால் ஒருவர் ஜன்னல் கண்ணாடிக்குக் காத்திருந்தார். அவருக்காக வெட்டிக்கொண்டிருந்த கண்ணாடியை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

இப்படித் தொடங்கிய எவரும் இதுவரை சரியாக எதையும் சொன்னதில்லை.

"சின்ன வெங்காயத்தை இடிச்சு சாறு எடுத்து, தேன்ல குழைச்சு நாப்பது நாள் போடுங்க. இருந்த இடம் தெரியாம போயிடும். என் மச்சினிக்குப் போயிடுச்சு."

"மச்சினிக்கு எங்க இருந்துச்சு?" அக்கா தலையைத் தூக்கவில்லை.

"முட்டிக்குக் கீழ."

"போயிடுச்சுன்னு நீங்க பார்த்தீங்களா?"

அவர் தேனைப் பற்றி மறுபடி தொடங்கினார். அக்கா கையிலிருந்த கட்டரால் மேலே சுவரைக் காட்டினார். "அதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன்."

சட்டம் போட்ட ஒரு காகிதம் தொங்கியது. கீழே வட்டமான முத்திரை. அந்த மனிதர் அதை இரண்டு முறை படித்தார். மூன்றாவது முறை வாய்விட்டே படித்தார். பிறகு ஜன்னல் கண்ணாடியைக் கட்டி வாங்கிக்கொண்டு போனார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் நாக்கு நுனியில் கற்றாழை இருந்தது. விழுங்கிவிட்டேன்.

அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அது எப்படி வந்தது என்று கேட்பதற்காக, தேவையே இல்லாத இரண்டாவது கண்ணாடி ஒன்றையும் வெட்டச் சொன்னேன். அவர் வெட்டிக்கொண்டே சொன்னார்.

கடை அவருடைய பெரியப்பாவுடையது. பதினெட்டு வயதில் வேலைக்கு வந்தார். பத்தொன்பதில் ஓர் அலமாரிக் கண்ணாடியைத் தூக்கும்போது, யாருக்கும் தெரியாமல் அதிலிருந்த விரிசல் ஓடி, ஒரு துண்டு கன்னத்தைக் கீறிக்கொண்டு விழுந்தது. ஏழு தையல். தையலைப் பிரித்த டாக்டர் மூன்று வாக்கியம் சொன்னாராம். வெயில் படாம பார்த்துக்கோ. நாளாக ஆக மங்கும். முழுசா போகாது. மூன்றும் உண்மை, மூன்றும் எளிது, அதனால் வீட்டில் ஒருவரும் நம்பவில்லை.

நம்பாதவர்களில் தலைமைப் பொறுப்பு அத்தைக்கு. பெரியப்பாவின் தங்கை. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். அத்தை யாரையும் கொன்றதில்லை, ஆகவே அரைக்கும் கீழே. படித்தது, கேட்டது, பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தவள் சொன்னது எல்லாவற்றையும் ஒரு பழைய நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தார். சனிக்கிழமை தோறும் வருவார், கிண்ணத்தோடு. உருளைக்கிழங்குச் சாறு. ஆப்பிள் வினிகர். தக்காளி. விளக்கெண்ணெய். ("விளக்கெண்ணெய்தான் நம்ம வீட்லயே இருக்கே" என்று பெரியப்பா ஒருநாள் அத்தையைப் பார்த்துச் சொல்ல, ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. அந்த ஒரு மாதம் கன்னத்துக்கு நிம்மதி.)

எலுமிச்சை வந்த வருஷம்தான் மோசம். சாற்றைத் தடவி வெயிலில் உட்கார வைத்தார் அத்தை. வெயில் படக்கூடாது என்று டாக்டர் சொன்ன அதே கன்னம். மறுநாள் கொப்புளம், மறுவாரம் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புத் திட்டு. தழும்பு கோடாக இருந்தது, இப்போது கோட்டுக்கு ஒரு மைதானமும் கிடைத்தது.

"அத்தை, இது எரியுதே."

"எரியணும். உள்ள இருக்குற அழுக்கு வெளிய வருது."

"அழுக்கு இல்ல அத்தை. தோல்."

"நீ டாக்டரா, நான் டாக்டரா?"

இரண்டு பேருமே இல்லை என்பதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை. திட்டு மறைய ஐந்து மாதம் ஆயிற்று. மறைந்ததும் அடியில் தழும்பு அப்படியே இருந்தது. "பார்த்தியா, எவ்வளவு வெளுத்திருக்கு" என்றார் அத்தை. புண்ணுக்குப் புனுகு பூசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். புண்ணை உண்டாக்கிவிட்டுப் பூசுகிறவரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

அதற்குப் பிறகு அக்கா எதையும் முகத்தில் போடவில்லை. மறுக்கவும் இல்லை. வாங்கிக் கடையின் மேல்தட்டில் வைத்தார். வாடிக்கையாளர்கள் கொண்டுவந்து கொடுத்ததும் அங்கேதான். இன்றும் இருக்கிறது, நான் பார்த்தேன்: வினிகர் பாட்டில், சோடா மாவு, எலுமிச்சை, பாதி உருளைக்கிழங்கு.

"எதையும் வீணாக்கல. வினிகர் தண்ணிக்கறையை எடுக்கும். எலுமிச்சை பளபளன்னு ஆக்கும். உருளைக்கிழங்கைத் தேய்ச்சா கண்ணாடியில ஆவி படியாது. அத்தை கொடுத்ததெல்லாம் கண்ணாடிக்கு ரொம்ப நல்ல மருந்து."

இனி விஷயத்துக்கு வருகிறேன். பெரியப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. நடுங்கும் கையால் கண்ணாடியில் நேர்க்கோடு கீற முடியாது. மூன்று வருஷமாக வேலை முழுக்க அக்காதான். போன வருஷம் அங்காடி அலுவலகம் ஓர் அறிவிப்பு ஒட்டியது: உண்மையில் வேலை செய்கிறவர் பெயருக்கு உரிமத்தை வெள்ளிக்கிழமைக்குள் மாற்ற வேண்டும், மாற்றாத கடை வரிசையில் காத்திருக்கும் அடுத்தவருக்குப் போகும். கடை போனால் பெரியப்பாவின் மருந்துச் செலவும் இவருடைய பிழைப்பும் சேர்ந்து போகும்.

திங்கட்கிழமை அக்கா அலுவலகத்துக்குப் போனார். கூப்பிடாமலேயே அத்தையும் வந்தார். கிளார்க் பழைய பதிவேட்டைப் பிரித்தார். வேலையாட்களைப் பதிவு செய்தபோது பெரியப்பா நிரப்பிக் கொடுத்த படிவம் அதில் இருந்தது. ஒட்டியிருந்த படம் மங்கி, மூக்கும் முழியும் தெரியாமல் ஒரு காபிக் கறை மாதிரி ஆகியிருந்தது. கிளார்க் அங்க அடையாளம் என்ற வரிக்கு வந்தார். படித்தார். நிமிர்ந்து பார்த்தார். மறுபடி படித்தார்.

"வலது கன்னத்தில் தழும்புன்னு போட்டிருக்கு."

"இடது சார்."

"இங்க வலது."

"முகத்துல இடது சார். பாருங்க."

"நான் முகத்தைப் பார்த்து வேலை செய்யுறவன் இல்லம்மா. பேப்பரைப் பார்த்து வேலை செய்யுறவன். வலது கன்னத்துல தழும்பு இருக்குற ஆளைக் கூட்டிட்டு வாங்க."

அத்தை உதவிக்கு வந்தார். எப்படிப்பட்ட உதவி என்று கேளுங்கள். "சார், அந்தத் தழும்பை விடுங்க. நான் வைத்தியம் பார்த்துக்கிட்டிருக்கேன். ஆறே மாசத்துல இருக்கவே இருக்காது."

"அப்போ அங்க அடையாளமே இல்லாம போயிடுமே" என்றார் கிளார்க், உண்மையான கவலையோடு. பிறகு பதிவேட்டை மூடிக்கொண்டே, ஏதோ பெரிய மனது பண்ணுகிற மாதிரி, "உருளைக்கிழங்கு போட்டுப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். இடம் மாறி இருப்பதால் அந்தத் தழும்பு செல்லாது என்று துரத்தியவர், அதைப் போக்க வழி சொல்கிறார். இதை அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று சாயங்காலம் அத்தை கடைக்கு வந்தார், கையில் நாட்குறிப்பும் ஒரு முழுப் பூண்டும். கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரே வழிதான் இருக்கு. பூண்டை நசுக்கி வலது கன்னத்துல வச்சுக் கட்டு. விடிஞ்சா வெந்து கொப்புளிச்சிருக்கும். வியாழக்கிழமைக்குள்ள தழும்பு வந்துடும்."

"அத்தை, ரெண்டு வருஷம் முன்னாடி இதே பூண்டுதானே தழும்பைப் போக்கும்னு கொண்டு வந்தீங்க?"

அத்தை ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "அது இடது கன்னத்துக்கு."

பதினாறு வருஷ வைத்தியத்தின் சாரம் இதுதான். இடது பக்கம் தழும்பைப் போக்குகிற பூண்டு வலது பக்கம் தழும்பைக் கொண்டுவரும். அதைச் சொல்லும்போது அத்தையின் முகத்தில் துளி சந்தேகம் இல்லையாம். மூளையை அடகு வைத்தவர்கள்கூட எப்போதாவது மீட்கப் போவார்கள். இவர் சீட்டையே தொலைத்துவிட்டவர்.

ஆனாலும் அக்கா அந்தப் பூண்டைக் கையில் வாங்கினார். இதைச் சொன்னபோது அவர் கட்டரைக் கீழே வைத்துவிட்டார். "வாங்கிட்டேங்க. ஒரு தழும்புதானே, இன்னொண்ணு வந்தா என்னன்னு தோணிச்சு. கடை போயிடும்ல." மூன்று பல்லை உரித்தும் விட்டாராம். எனக்குக் கண் கலங்கியது இங்கேதான். மறைக்க வழியில்லை, மூன்று பக்கமும் கண்ணாடி.

அப்போது மூலையில் முக்காலியில் இருந்த பெரியப்பா பேசினார்.

"அதைக் கீழ போடு. தப்பு பண்ணது நான்."

"என்ன பெரியப்பா?"

"அந்த ஃபாரத்தை எழுதுறப்போ நீ எனக்கு முதுகு காட்டி அந்தப் பெரிய கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டிருந்தே. தழும்பு எந்தப் பக்கம்னு கண்ணாடியில பார்த்தேன். இடது பக்கம் தெரிஞ்சுது. கண்ணாடி இடதை வலதா மாத்திக் காட்டும்ல? அது தெரியாதவனா நான்? அதான் மாத்தி வலதுன்னு எழுதினேன்."

நீங்களே ஒரு கண்ணாடி முன் நின்று இடது கன்னத்தைத் தொட்டுப் பாருங்கள். கண்ணாடியிலும் உங்கள் இடது பக்கத்தில்தான் விரல் தெரியும். மாற்ற வேண்டியதில்லை. கண்ணாடியைப் பற்றித் தெரியாதவன் கண்ணில் பட்டதை அப்படியே எழுதியிருப்பான், சரியாக இருந்திருக்கும். நாற்பது வருஷம் கண்ணாடி விற்றவர் மட்டும்தான் இந்தத் தப்பைப் பண்ண முடியும்.

பெரியப்பாவின் நடுங்குகிற கையைப் பிடித்துக்கொண்டு அக்கா சிரித்தாராம். பூண்டு ரசத்துக்குப் போனது. புதன்கிழமை ஓர் ஆள் உயரக் கண்ணாடியைத் துணியில் சுற்றி, தள்ளுவண்டியில் வைத்து அலுவலகத்துக்குப் போனார்.

கிளார்க் முகம் சுளித்தார். "லஞ்சமா? கண்ணாடியா?"

"சாட்சி சார்."

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து மேலதிகாரி அம்மா வந்துவிட்டார். அக்கா நடந்ததைச் சொன்னார். "நாங்க அப்படிக் குழம்ப மாட்டோம்" என்றார் கிளார்க். "சரி, பார்ப்போம்" என்றார் மேலதிகாரி அம்மா. கிளார்க்கைச் சுவரைப் பார்க்கத் திருப்பி நிற்க வைத்தார்கள். பியூன் முத்திரை மையில் விரலைத் தொட்டுத் தன் கன்னம் ஒன்றில் பொட்டாக வைத்துக்கொண்டு, கிளார்க்குக்கு முதுகு காட்டிக் கண்ணாடி முன் நின்றார். இப்போது கிளார்க் திரும்பலாம், ஆனால் கண்ணாடியில் மட்டும்தான் பார்க்க வேண்டும்.

"எந்தக் கன்னம்?" என்றார் அக்கா.

கிளார்க் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். "கண்ணாடியில இடது பக்கம் தெரியுது." ஒரு விரலைத் தூக்கினார், நம்மை ஏமாற்ற முடியாது என்கிற மாதிரி. "ஆனா கண்ணாடி மாத்தித்தானே காட்டும்? அதனால வலது."

பியூன் திரும்பினார். மை இடது கன்னத்தில் இருந்தது.

மேலதிகாரி அம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, "திருத்திக் கொடுங்க" என்றார்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். தோற்றவனுக்குச் சட்டம் ஞாபகம் வரும். கிளார்க் பதிவேட்டின் மேல் கையை வைத்துக்கொண்டார். "திருத்துறேன் மேடம். ஆனா இவங்க அத்தை என்ன சொன்னாங்க? வைத்தியம் பண்ணி ஆறு மாசத்துல எடுத்துடுவேன்னாங்க. எடுத்துட்டா மறுபடி பதிவேடு தப்பாயிடும். எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க."

அக்கா ஒரு காகிதம் கேட்டார். நின்றபடியே எழுதினார். சுவரில் சட்டம் போட்டுத் தொங்குவது அதன் நகல். நான் பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன்:

"என் இடது கன்னத்தில் உள்ள தழும்பு என் அங்க அடையாளம். அதை எந்தச் சாறு, எண்ணெய், பழம், கிழங்கு, வேர், விழுது கொண்டும் அகற்ற முயலமாட்டேன் என்றும், பிறரை முயல விடமாட்டேன் என்றும் உறுதி கூறுகிறேன்."

கீழே அக்காவின் கையெழுத்து. அதற்குக் கீழே சாட்சி. சாட்சிக்கு யாராவது உறவினர் வேண்டும் என்றார்கள். அன்றும் கூப்பிடாமலேயே வந்து வாசல் பெஞ்சில் அத்தை உட்கார்ந்திருந்தார்.

"நானா?" என்றாராம் அத்தை.

"நீங்கதான் அத்தை. உங்களைவிட இந்தத் தழும்பைப் பத்தித் தெரிஞ்சவங்க யாரு?"

அத்தைக்கு அது பாராட்டாகப் பட்டிருக்கிறது. பெருமையாகக் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகுதான் படித்தார். வெளியே வரும்போது, பியூன் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தும் மை போகவில்லை. நின்ற இடத்திலேயே அத்தை நாட்குறிப்பைப் பிரித்துவிட்டாராம். "எலுமிச்சம்பழம் போடுங்க தம்பி." பியூன் ஏற்கெனவே கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

உரிமம் இப்போது அக்காவின் பெயரில். பெரியப்பா காலையில் வந்து முக்காலியில் உட்காருகிறார், வருகிறவர்களிடம் பியூன் கதையைச் சொல்கிறார், தன் தப்பை மட்டும் விட்டுவிட்டு. அத்தை சனிக்கிழமை வருகிறார், கிண்ணம் இல்லாமல். சட்டத்தை மீற அவருக்குத் தைரியம் இல்லை. தலைமுடிக்கு ஏதாவது போடலாமா என்று கேட்டிருக்கிறார். அதைப் பற்றி எதுவும் எழுதிக் கொடுக்கவில்லையாம் அக்கா. தப்புப் பண்ணிவிட்டதாகச் சொன்னார்.

என் கண்ணாடிகள் இரண்டையும் ஓரம் தேய்த்து, அத்தையின் வினிகரால் துடைத்து, அக்கா ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். இரண்டு பேர் முகமும் தெரிந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் அவருடையதை. அந்தக் கோடு அவர் சிரிக்கும்போது லேசாக வளைகிறது. அவ்வளவுதான் அது செய்கிறது. வேறு யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை.

"உங்க வலது கன்னத்துல ஏதோ தூசி ஒட்டியிருக்கு" என்றார்.

கண்ணாடியைப் பார்த்தபடி இடது கன்னத்தைத் துடைத்தேன். பெரியப்பா முக்காலியில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் குடும்பக் குழுவில் நாட்குறிப்பும் கிண்ணமுமாக ஓர் அத்தை கட்டாயம் இருப்பார், மாமாவாகவும் இருக்கலாம். அவருக்கு இதை அனுப்புங்கள். வீட்டில் கண்ணாடி உடைந்திருந்தால் பின்வரிசையில் பூட்டுக்கடைக்கு அடுத்த கடைக்குப் போங்கள், அக்காவின் கோடு நூல் பிடித்த மாதிரி இருக்கும். போய் அளவைச் சொல்லுங்கள். அளவை மட்டும் சொல்லுங்கள்.